ஒற்றைப் பாதையும் எதிர்வண்டியும்

ரயில் சிமுலேட்டர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் தோற்றத்தையும், பிரேக்கின் நுட்பத்தையும், ஜன்னலுக்கு வெளியே ஓடும் மலைகளின் அழகையும் வருணித்து நிறுத்திக்கொள்வதே வழக்கமாயிருக்கிறது. இரட்டைப் பாதையில் ஓட்டுகிற வரையில் அந்த வருணனை போதுமானதே. ஏனெனில் அங்கே எதிரே வரும் வண்டி வெறும் காட்சி மாத்திரம். பக்கத்துத் தண்டவாளத்தில் இரைச்சலோடு அது கடந்து போன பின் அதற்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒற்றைப் பாதைக்கு வந்ததும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. ஒரே ஜோடித் தண்டவாளத்தில் கிழக்கே போகும் வண்டியும் மேற்கே போகும் வண்டியும் ஓட வேண்டுமானால், இரண்டில் ஒன்று வழியிலுள்ள ஏதாவதொரு நிலையத்தின் லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் பக்கப் பாதையில், ஒதுங்கி நிற்க வேண்டும்; எது ஒதுங்குவது, எங்கே ஒதுங்குவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பவற்றை நிர்ணயிக்க ஒருவர் இருந்தாக வேண்டும். நம் பிரயாணிகள் 'கிராஸிங்' என்று ஒரே சொல்லில் அலுத்துக்கொள்ளும் இந்தக் காரியத்தைச் சிமுலேட்டர்கள் சென்ற இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்விதம் கையாண்டு வந்திருக்கின்றன என்பதே இங்கே ஆராயப் புகும் விஷயம். என் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வண்டிகள் மோதாமல் காப்பதை அவை வெகு சுலபமாகக் கற்றுக்கொண்டன, வகுத்து வைத்த கிராஸிங்கைச் சமயம் பார்த்து மாற்றுவதற்கு இன்னும் கற்கவில்லை.

மோதாமல் காக்கும் வித்தையை மெய்யான ரயில்வேக்கள் மிகுந்த விலை கொடுத்தே வாங்கின. 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தார்ப் என்னுமிடத்தில், தந்தி வழியாக அனுப்பப்பட்ட உத்தரவில் நேர்ந்த குழப்பத்தினால் இரு வண்டிகள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டார்கள். அதன் பின்னரே, 1878இல், எட்வர்ட் டையர் என்பவர் தம்முடைய மின்சார வில்லைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவம் மிகவும் எளியது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலுள்ள இரண்டு கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் எதிலிருந்தேனும் ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனுமொரு கருவிக்குள் போடப்படும் வரையில் மற்றொரு வில்லை எங்கிருந்தும் வெளிவராது. வில்லை கையில் இல்லாத டிரைவர் அந்தப் பகுதிக்குள் பிரவேசிக்கலாகாது. நம் நாட்டில் நீல் என்பவர் பெயரால் வழங்கிய கருவிகள் இதே தத்துவத்தில் வெகுகாலம் இயங்கின. அவற்றினின்று வெளிவந்த உலோகப் பந்தைத் தோல்பையில் இட்டு, வளையத்தில் கோத்து, நிற்காமல் ஓடும் வண்டியின் எஞ்சினுக்கு ஸ்டேஷன் சிப்பந்தி நீட்டிப் பிடிப்பதையும், எஞ்சினிலிருப்பவர் அதைக் கையால் பறித்துக்கொண்டு பழைய வளையத்தை மேடையில் வீசிச் செல்வதையும் வாய்பிளந்து பார்த்து நின்ற சிறுவர்கள் இன்று முதியவர்களாயிருப்பார்கள்.

கருவி சரியாயிருந்தும் மனிதர் தவறிய சந்தர்ப்பங்கள் உண்டு. வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் நிலையத்தில், 1921 ஜனவரி 26ஆம் தேதி, தான் கொண்டுவந்து கொடுத்த வில்லையே திரும்பத் தன் கைக்கு வந்திருப்பதைக் கவனியாமல், அடுத்த பகுதிக்குரிய அதிகாரம் அதுவே என்று நம்பி ஒரு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். 17 உயிர்கள் போயின. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின்னும் இந்த அபாயம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 2016 பிப்ரவரி 9ஆம் தேதி ஜெர்மனியில் பாட் ஐப்ளிங் அருகே ஒற்றைப் பாதையில் நேர்ந்த மோதலில் 12 பேர் இறந்தார்கள். வண்டிகளை நடத்தும் பொறுப்பிலிருந்தவர் பணிநேரத்தில் கைபேசி விளையாட்டொன்றில் ஆழ்ந்திருந்தார் என்பது விசாரணையில் வெளியாயிற்று. விளையாட்டைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையாகாது.

இவற்றோடு இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்து நினைக்க வேண்டும். நம் விஷயத்துக்கு அது விபத்துகளைக் காட்டிலும் முக்கியமானது. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட் தாம் பிரயாணம் செய்த வண்டி எதிர்வண்டிக்காக நெடுநேரம் காத்துக் கிடப்பதைப் பொறாமல், முன்னாலிருந்த நிலையத்துக்குத் தந்தி கொடுத்து, எதிர்வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டுத் தம் வண்டியைப் புறப்படச் சொன்னார். கால அட்டவணைக்கு விரோதமான இக்காரியத்துக்கு டிரைவர் உடன்படவில்லை. மைனாட் தாமே எஞ்சினில் ஏறி ஓட்ட, மறுத்த டிரைவர் மோதினால் தப்பலாம் என்று கடைசிப் பெட்டியின் கடைசி ஆசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டார் என்பது அமெரிக்க ரயில்வேக்களில் இன்றும் சொல்லி மகிழும் கதை. தந்தியினால் ஒரு கிராஸிங் ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு அமெரிக்காவில் மாற்றப்பட்ட முதல் நிகழ்ச்சி என்று சொல்லப்படுவது அதுதான். பின்னர் டையரின் கருவியும் வந்து சேர்ந்ததும் ஒற்றைப் பாதையின் நிர்வாகம் என்பது இரண்டு அங்கங்களைக் கொண்டதாயிற்று: டையரின் கருவி காக்கும் பத்திரம் ஒன்று, மைனாட்டின் தந்தி தரும் யுக்தி மற்றொன்று. 1927இல் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே ஓஹையோவில், சுமார் 40 மைல் தூரத்துப் பாயிண்டுகளையும் சிக்னல்களையும் ஒரே மனிதர் ஒரே மேஜையிலிருந்து இயக்கும் மத்தியக் கட்டுப்பாட்டை அமைத்தபோது இவ்விரண்டு அங்கங்களும் ஓரிடத்தில் வந்து கூடின.

கணினிக்குப் பத்திரம் இலவசமாகவே கிடைத்துவிட்டது. பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, எந்த வண்டி அதைப் பதிவு செய்திருக்கிறது என்று குறித்து, ஒன்று பதிந்த துண்டை மற்றொன்றுக்குக் கொடாதிருந்தால் போதும். டையரின் வில்லை ஒரே வரியில் அமைந்துவிடும். 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டரில் இந்த ஏற்பாடு இருந்தது. அதில் கொடுக்கப்பட்ட பாதைகளுள் ஒன்று ஜப்பானின் க்யூஷு தீவிலுள்ள ஹிசாட்சு மலைப்பாதை; சுருள் வளைவும், வண்டி முன்னும் பின்னுமாக மாறி மாறி ஏறும் அமைப்பும் ஓக்கோபா நிலையத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் அந்த ஒற்றைப் பாதையை ஓட்டியவர்கள் அதை இன்றும் பிரியத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஆனால் எங்கே ஒதுங்குவது என்பதை அந்தச் சிமுலேட்டர் தானே யோசித்து அறியாது. பயிற்சியைத் தயாரிப்பவர் ஒவ்வொரு வண்டியின் வழியையும் வரைந்து, எந்தெந்த நிலையத்தில் லூப்பைப் பயன்படுத்தலாம் என்று மாற்றுவழியையும் அவரே குறித்துக் கொடுக்க வேண்டும். குறிக்க மறந்தால் இரு வண்டிகளும் இரு முனைகளில் சிவப்பு விளக்கின் முன் நின்றுவிடும்; ஓட்டுபவர் டேப் விசையை எத்தனை முறை அழுத்தி அனுமதி கேட்டாலும் பயனில்லை.

அதே பாதைகளைப் பயன்படுத்தும்படி ஆர்வலர்கள் கூடிப் பொதுவுடைமையாக இயற்றிய ஓப்பன் ரெயில்ஸ் என்னும் சிமுலேட்டர் இதில் ஓரடி முன்சென்றது. ஒரு வண்டி புறப்படும்போதே அதன் வழியை மற்ற எல்லா வண்டிகளின் வழியோடும், இன்னும் புறப்படாத வண்டிகளின் வழியோடும் கூட, அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டு வண்டிகள் எதிரெதிராக ஓட வேண்டிய பொதுப்பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண்டு, அதன் இரு எல்லைகளிலும் கண்ணி போன்ற ஒரு குறியை இட்டு வைக்கிறது. ஒரு வண்டி எல்லையைத் தாண்டி உள்ளே சென்றதும் குறி உயிர்பெறுகிறது. எதிர்வண்டி மறு எல்லையிலோ, அதற்கு முன்னுள்ள லூப்பிலோ நிறுத்தப்படுகிறது. இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இதன் நீதி முந்தியவருக்கே முதலிடம் என்பதுதான். சில விநாடிகள் முன்னால் எல்லையைத் தொட்ட காலிக் கூட்ஸ் ரேக், இருபது நிமிஷம் ஓடிக் கடக்க வேண்டிய பகுதிக்குள் நுழைந்துவிட்டால், நாம் ஓட்டும் விரைவு வண்டி அந்த இருபது நிமிஷமும் நின்றே தீர வேண்டும். மெய்யான நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், வண்டியைப் பகுதிக்குள் விடும் அனுமதியாகிய லைன் கிளியரைக் கொடுக்கும் முன், பாதை முழுவதையும் கண்காணிக்கும் கன்ட்ரோலரை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு யாரும் நகராமற் போவதைப் பற்றி வேடிக்கையான ஒரு சட்டம் கணினி நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: இரு வண்டிகள் சந்திப்பில் எதிர்ப்பட்டால் இரண்டும் நிற்க வேண்டும், மற்றது போன பிறகே ஒவ்வொன்றும் புறப்பட வேண்டும் என்று அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில் விதி செய்தார்களாம். மெய்யோ பொய்யோ, சிமுலேட்டர்களில் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆ, இ, என்னும் இரண்டு அடுத்தடுத்த நிலையங்கள். ஒவ்வொன்றிலும் மெயின் லைனும் ஒரு லூப் லைனும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும் இரு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆ நிலையத்தின் இரண்டு லைன்களையும் நிரப்புகின்றன. மேற்கே போகும் இரு வண்டிகள் இ நிலையத்தை நிரப்புகின்றன. இடையிலுள்ள பாதை காலியாகவே கிடக்கிறது. ஆனால் எந்த வண்டியும் அதில் இறங்க முடியாது. இறங்கினால் அதை ஏற்றுக்கொள்ள அடுத்த நிலையத்தில் இடமில்லை. விதி ஒன்றும் மீறப்படவில்லை, அபாயம் ஏதுமில்லை, எல்லா விளக்குகளும் முறைப்படி சிவப்பாயிருக்கின்றன. பொழுது விடிந்தாலும் இந்த நிலை மாறாது. பகுதிகளை மாத்திரம் காவல் காக்கும் சிமுலேட்டர், நிலையங்களின் கொள்ளளவைக் காவல் காக்காததால் வரும் வினை இது.

இதற்கு மருந்து ரயில்வேக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததே. ஒரு நிலையத்தின் கடைசிக் காலி லைனை, ஏற்கெனவே அங்கே நிற்கும் வண்டியின் திசையிலேயே போகிற இன்னொரு வண்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. எதிர்வண்டி வந்து இறங்குவதற்கு ஓர் இடத்தை விட்டு வைக்க வேண்டும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் கணினிக்குள் பல வேலைகள் ஒன்றையொன்று மறித்துக்கொள்வதைத் தடுக்க வகுத்த முறையும் ஏறக்குறைய இதுவே: கையிருப்பு முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட்டு முழிக்காத வட்டிக்கடைக்காரரைப் போல, எல்லோரும் ஏதாவதொரு வரிசையில் வேலையை முடித்து வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அது இடங்கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் பிறந்த டிரெயின்ஸ் என்னும் சிமுலேட்டரில் இந்த முன்யோசனை இயற்கையாக அமையவில்லை. அதன் தானியங்கி டிரைவர்கள் தத்தம் முன்னாலுள்ள பாதையைத்தான் பார்க்கிறார்களே ஒழிய, மொத்தப் பாதையின் நிலவரத்தைப் பார்ப்பதில்லை. அங்கே ஆர்வலர்கள் திசைக்குறிகளையும் முன்னுரிமைக் குறிகளையும் தண்டவாளத்தில் நட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் இடது லைன் ஒரு திசைக்கும் வலது லைன் மறுதிசைக்கும் என்று நிரந்தரமாகப் பிரித்துவிடுகிறார்கள். முட்டுக்கட்டை தீர்கிறது, ஆனால் எதிரே ஒரு வண்டியும் இல்லாத வேளையிலும் விரைவு வண்டி லூப்புக்குள் வளைந்து ஊர்ந்து போக நேர்கிறது. ரெயில்வொர்க்ஸ் என்று தொடங்கி டிரெயின் சிமுலேட்டர் என்று பெயர் மாறிய மற்றொன்றோ வண்டிகளை வகுப்பு வாரியாகத் தரம் பிரித்து, தயாரிப்பாளர் எழுதிய திட்டத்தில் எங்கெங்கே வழிகள் முரண்படுகின்றன என்று ஓட்டத் தொடங்கும் முன்பே காட்டிவிடுகிறது. நேர்மையான முறைதான், எனினும் ஓட்டுபவர் திட்டப்படி ஓட்டினால்தான் அதன் கணக்கு நிற்கும்.

இங்கேதான் நீளம் என்னும் சங்கடமும் வந்து சேர்கிறது. நம் ரயில்வேயில் நிலையத்து லைன்களில் வண்டி நிற்கக்கூடிய இடத்துக்கு 686 மீட்டர் என்பது வெகுகாலமாக அளவுகோல். 58 பெட்டிகள் கொண்ட நிலக்கரி ரேக் எஞ்சின்களோடு அதற்குள் அடங்கிவிடும். இரண்டு ரேக்குகளை ஒன்றாகப் பிணைத்துப் 'பைத்தான்' என்று பெயரிட்டு ஓட்டும்போது அது வழக்கமான லூப்பில் அடங்குவதில்லை. எதிர்வண்டிதான் ஒதுங்க வேண்டும். நீண்ட வண்டி முன்பே லூப்புக்குள் வந்துவிட்டதென்றால் அமெரிக்கர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். அதன் தலை லூப்பின் மறுமுனையைத் தொட்டு நிற்க, வால் பின்னால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டிருக்கும். குட்டையான எதிர்வண்டி மெயின் லைனில் வந்து, தன் வால் மறுமுனைப் பாயிண்டைத் தாண்டி உள்ளே அடங்கும்படி நிற்கும். இப்போது நீண்ட வண்டி முன்னே நகர்ந்து வெளியேற, அதன் வால் அகன்றதும் குட்டை வண்டிக்கு வழி திறக்கும். இரண்டுமே லூப்பைவிட நீளமென்றால் ஒன்றைப் பாதியில் கழற்றித் துண்டுதுண்டாக அனுப்புவதைத் தவிர வேறு கதியில்லை. ஒற்றைப் பாதையின் ருசி முழுவதும் இத்தகைய இக்கட்டுகளில்தான் இருக்கிறது என்பேன். ஓப்பன் ரெயில்ஸ் நீளத்தைக் கணக்கில் எடுத்து, அடங்காத லூப்பில் சந்திப்பு வைக்காமல் தவிர்க்க முயல்கிறது. தந்திரம் செய்து தப்புவதற்கு மட்டும் எந்தத் தானியங்கி டிரைவருக்கும் தெரியாது.

இரு வண்டிகள் ஒரே சமயத்தில் ஒரு நிலையத்துக்குள் நுழைவதைச் சிமுலேட்டர்கள் சர்வசாதாரணமாக அனுமதிப்பதையும் குறிப்பிட வேண்டும். நம் வழக்கத்தில், வண்டி நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பால், தவறி ஓடினாலும் ஆபத்து நேராதபடி, வண்ணவிளக்குச் சிக்னல் உள்ள இடங்களில் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அல்லது தவறி ஓடும் வண்டியை மணல்மேட்டுக்குத் திருப்பும் தனிப்பாதை அமைந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிட்டால் முதல் வண்டி லூப்பில் வந்து நிற்கும் வரையில் இரண்டாவது, நிலையத்தின் நுழைவாயிலிலுள்ள ஹோம் சிக்னலுக்கு வெளியே காத்திருக்கும். இருட்டில் ஊருக்கு வெளியே காரணமின்றி நின்றதாக நாம் எண்ணிய நிறுத்தங்களுள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. விளையாட்டில் இதை விட்டுவிட்டதை ஒரு குறையாகச் சிலர் கருதமாட்டார்கள், நான் கருதுகிறேன்.

கால அட்டவணையின் கணக்குக்கு வருவோம். இரு திசையிலும் மணிக்கு ஒரு வண்டி வீதம் சம வேகத்தில் விட்டால், ஒவ்வொரு வண்டியும் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை எதிர்வண்டியைச் சந்திக்கும். ஆகையால் 30 நிமிஷ ஓட்டத்துக்கு ஒரு லூப் வீதம் இருக்க வேண்டும். தூரத்தை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்து, வண்டிகளைச் சாய்கோடுகளாக வரையும் வரைபடம் ஃபிரான்ஸில் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்தது; எதிரெதிர்ச் சாய்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நிலையத்தின் மேல் விழுந்தால் திட்டம் சரி, இரு நிலையங்களுக்கிடையே விழுந்தால் திட்டம் தவறு. இந்திய ரயில்வேயில் ஒரு பாதை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று மதிப்பிட ஸ்காட் சூத்திரம் என ஒன்றுண்டு: நாளின் 1440 நிமிஷங்களை, மிக அதிக நேரம் பிடிக்கும் பகுதியில் வண்டி ஓடும் நேரத்தோடு பிளாக் கருவியை இயக்கும் நேரத்தையும் கூட்டி வகுத்து, வருவதில் 70 சதவிகிதத்தை எடுத்துக்கொள்வார்கள். ஓட 15 நிமிஷமும் கருவிக்கு 5 நிமிஷமும் ஆனால், இரு திசையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 50 வண்டிகள். எஞ்சிய 30 சதவிகிதம் மனிதர்களின் தாமதத்துக்கும் இயந்திரங்களின் பழுதுக்கும் விட்ட இடம். சிமுலேட்டரில் பயிற்சி இயற்றும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தை விடுவதில்லை. பாதையை வண்டிகளால் அடைத்துவிட்டு, பிறகு எல்லாம் நின்றுபோயிற்றே என்று மென்பொருளைக் குறைகூறுகிறார்கள்.

அந்த இடம் சிமுலேட்டரிலும் அவசியம், ஏனெனில் தானியங்கி வண்டிகள் அட்டவணைப்படி பிசகாமல் ஓடும்; பிசகுகிறவர் ஓட்டும் மனிதர் ஒருவரே. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி அவர் 12 நிமிஷம் தாமதமானால், குறித்த நிலையத்தில் எதிர்வண்டி 12 நிமிஷம் காத்திருந்து, அத்தாமதத்தைச் சுமந்துகொண்டு போய், தான் அடுத்துச் சந்திக்கும் வண்டியின் தலையில் இறக்கிவைக்கும். அது இன்னொன்றுக்குக் கொடுக்கும். நல்ல கன்ட்ரோலர் இந்த இடத்தில்தான் மைனாட் செய்ததைச் செய்வார்: எதிர்வண்டியைக் குறித்த நிலையத்தில் நிறுத்தாமல், தாமதமான வண்டியை நோக்கி ஒரு நிலையம் முன்னே வரவழைத்து, கிராஸிங்கை அங்கே வைப்பார்; தாமதம் ஒருவரோடு நின்றுவிடும். எங்கே மாற்றினால் மொத்த நஷ்டம் குறையும் என்று கணிக்கும் வழிகளைக் கணித அறிஞர்கள் 1970களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் தொழிற்சாலை இயந்திரமாகவும் ஒவ்வொரு வண்டியையும் அதில் முடிய வேண்டிய வேலையாகவும் பாவித்து 1973இல் ஷ்பிகெல் காட்டிய வழி அவற்றுள் முன்னோடியானது. வண்டிகள் பெருகப் பெருகக் கணக்கு மலைபோல் வளருமென்பது உண்மையே. ஆனால் ஒரு சிமுலேட்டரில் ஓடும் பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்கு, அடுத்த இரண்டு மூன்று நிலையங்கள் வரையில் கணித்தால் போதும். இன்றைய கணினிகளுக்கு அது ஒரு பாரமே அல்ல. அழகிய மேகங்களை வரைவதற்குச் செலவாகும் சக்தியில் சிறு பங்குகூட இதற்கு வேண்டியிராது.

இக்குறையைச் சிலர் வேறு வழியில் தீர்க்க முற்பட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் சிம்சிக் என்னும் மென்பொருளில் ஓட்டுவதே கிடையாது. சிக்னல் அறையின் திரைக்கு முன் அமர்ந்து வழிகளை அமைப்பது மாத்திரமே வேலை. எஞ்சினை நேசிப்பவர்களுக்கு இது வறண்டதாகத் தோன்றும். கிராஸிங்கை அறிய விரும்புவோர் இதில் ஒரு மாதம் பழகினால், ஓட்டுகிற சிமுலேட்டர்களில் ஓர் ஆண்டில் கற்பதைவிட அதிகம் கற்பார்கள். போலந்துப் பாதைகளைக் கொண்ட சிம்ரெயில் இரண்டையும் இணைத்தது. அங்கே ஒருவர் வண்டி ஓட்ட, மற்றொருவர் நிலையத்து மேஜையில் உட்கார்ந்து அடுத்த நிலையத்தவரோடு பேசி வண்டியைக் கொடுத்து வாங்குகிறார். தாமதமாக வரும் வண்டிக்காக எதிர்வண்டியை ஒரு நிலையம் முன்னே அழைக்கலாமா என்று இரு மனிதர்கள் அங்கே பேசி முடிவு செய்வதைக் கேட்கலாம். சில சமயம் தவறாகவும் முடிவு செய்வார்கள், அதன் பலனை நாலு வண்டிகள் அனுபவிக்கும். மேஜையில் ஆள் இல்லாத வேளைகளில் அந்த நிலையத்தைக் கணினியே ஏற்று நடத்துகிறது. மாற்றுயோசனை சொல்வதற்கு அப்போது அங்கே யாரும் இல்லை.